மேல்மலையில் ஒரு வழங்கி

ஓர் அலுவலகத்தின் கணினிகள் சில விண்டோசிலும் சில லினக்சிலுமாக இயங்கிக்கொண்டே, கோப்புகளையும் அச்சுப்பொறியையும் இணைய இணைப்பையும் தமக்குள் பொதுவாக வைத்துக்கொள்ளுமானால், அந்த ஏற்பாட்டைக் கலப்பு வலையமைப்பு என்பர். விண்டோசும் லினக்சும் இயங்குதளங்கள். அதாவது, கணினியின் வன்பொருளுக்கும் அதில் வேலை செய்பவர் கையாளும் நிரல்களுக்கும் நடுவில் நின்று இரண்டையும் நடத்தும் அடிப்படை மென்பொருள்கள். இவற்றுள் லினக்ஸ், 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகளும், 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கருநிரலும் சேர்ந்து உருவானது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம் என்பதால் அது திறந்த மூல மென்பொருள் எனப்படுகிறது. பெருநகரத்து அலுவலகங்களில் இந்த உரிமையின் மதிப்பு பெரும்பாலும் உரிமக் கட்டணம் மிச்சமாவதைக் கொண்டே அளக்கப்படுகிறது. பழுது பார்க்க ஆள் வந்து சேர ஒரு பகல் கழியும் மலையூரில் அதே உரிமைக்கு வேறொரு பொருள் உண்டு என்பதை, கவுஞ்சியில் 2017இல் தொடங்கிய ஒரு சிறு பணி கட்டுரையாளருக்கு உணர்த்தியது; அப்பணியின் நினைவுகளே இங்குத் தொகுத்துரைக்கப்படுகின்றன.

திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தில், பழனி மலைத்தொடரின் மேல்மலை என வழங்கும் பகுதியில் கவுஞ்சி அமைந்துள்ளது. கொடைக்கானலிலிருந்து செல்லும் மலைச்சாலை பூம்பாறையையும் மன்னவனூரையும் கடந்து கவுஞ்சிக்கு வந்து, பூண்டி வழியாகக் கிளாவரையை நோக்கிப் போகிறது. அடுக்கடுக்காக வெட்டிய வயல்களில் வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்சும் விளைகின்றன; 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இவ்வூர்களின் விளைச்சலே. மூட்டைகள் மலையிறங்கித் தேனி மாவட்டத்து வடுகபட்டிச் சந்தைக்குப் போகின்றன. விதைப்பூண்டின் அளவு, வண்டி வாடகை, சந்தை விலை, உழவருக்குச் சேரவேண்டிய பாக்கி ஆகியவற்றைக் குறித்த கணக்குகள் மலையிலேயே தங்குகின்றன. வடகிழக்குப் பருவமழையின் மாதங்களில் மரம் விழுந்து மின்கம்பி அறுவதும், மின்சாரத்தைத் தொடர்ந்து இணையம் நின்றுபோவதும் இங்கு வழக்கமானவை. ஆகவே இங்கு அமைக்கப்படும் எந்தக் கணினி ஏற்பாடும், வெளியுலகத் தொடர்பு அறுந்த நாளிலும் தன்னளவில் வேலை செய்யக்கூடியதாக இருந்தாக வேண்டும்.

தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு லினக்ஸ் கவுஞ்சிப் பணிக்கு முன்பே அறிமுகமாகியிருந்தது. எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில், தன் சொந்த அலுவலகக் கணினிகளை முதலில் சூசே லினக்சுக்கு மாற்றிப் பழகிப் பார்த்துவிட்டு, பிற அரசுத் துறைகளையும் அவ்வழியில் செல்லத் தூண்டியது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளுக்கு இடமளித்து, பாஸ் லினக்சை உருவாக்கியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் சேர்ந்து மாணவர் கைகளுக்குச் சென்றது. மத்திய அரசு 2010இல் மின்னாளுகைக்கான திறந்த தரங்கள் குறித்த கொள்கையையும், 2015இல் திறந்த மூல மென்பொருளை ஏற்பதற்கான கொள்கையையும் வெளியிட்டது. இத்தனைக்குப் பிறகும் சிறு அலுவலகங்களின் நடைமுறை கலப்பாகவே இருந்தது. டேலி போன்ற கணக்கு மென்பொருளும், மின்னொப்பமிடப் பயன்படும் விரல் அளவுச் சாவியின் நிரலும் விண்டோசை எதிர்பார்த்தன. எஞ்சிய வேலைகள், அதாவது கடிதம், அட்டவணை, மின்னஞ்சல், உலாவி ஆகியவை, எந்த இயங்குதளத்திலும் நடக்கக்கூடியவையாக இருந்தன.

கவுஞ்சியில் உழவர்களுக்காக இயங்கிய ஒரு சிறு அலுவலகத்தில் ஏழு கணினிகள் இருந்தன. அவற்றுள் இரண்டு, கணக்குக்கும் மின்னொப்பத்துக்கும் உரியவை, விண்டோஸ் 10இல் இயங்கின. மற்ற ஐந்தும் பழையவை, விண்டோஸ் எக்ஸ்பி நிறுவப்பட்டவை. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலிலேயே முடிந்துபோயிருந்தன. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்னும் பணயத் தீநிரல், கோப்புப் பகிர்வுக்கான பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டையின் வழியே கணினிக்குக் கணினி தாவியது. அந்தச் செய்தியே அலுவலகத்தாரை மாற்றத்துக்கு இணங்கச் செய்தது. விண்டோஸ் 10 கணினிகள் இரண்டையும் தொடாமல் விட்டுவிட்டு, நான்கு பழைய கணினிகளில் அவ்வாண்டு ஜூனில் வெளிவந்த டெபியன் 9ஐ எளிய மேசைத்தளத்துடன் நிறுவுவது என்றும், ஐந்தாவதை வழங்கியாக்குவது என்றும் முடிவாயிற்று. வழங்கி, அலுவலகப் பேச்சில் சர்வர், என்பது பிற கணினிகள் கேட்கும் கோப்பையும் அச்சையும் முகவரியையும் தரும் பொதுக் கணினி. அதில் இரண்டு வன்தட்டுகள் பொருத்தப்பட்டு, ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றொன்றிலும் எழுதப்படுமாறு கண்ணாடிப் பிரதி முறையில் இணைக்கப்பட்டன. ஒன்று கெட்டாலும் மற்றொன்று அலுவலகத்தை நடத்தும் என்பது இதன் பயன்.

இரு இயங்குதளங்களுக்கும் இடையே பாலமாக நின்றது சாம்பா என்னும் நிரல். விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. நெறிமுறை என்பது இரு கணினிகள் எந்தக் கேள்விக்கு எந்த வடிவில் விடை தரவேண்டும் என்ற உடன்பாடு. 1991-92இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கம்பியில் செல்லும் தரவுப் பொட்டலங்களைக் கவனித்துக் கவனித்தே இந்த உடன்பாட்டைப் புரிந்துகொண்டு, அதே மொழியில் விடையளிக்கும் நிரலை எழுதினார். எஸ், எம், பி என்னும் எழுத்துகள் இதே வரிசையில் வரும் சொல்லை அகராதியில் தேடியபோது கிடைத்ததே சாம்பா என்ற பெயர். அந்நெறிமுறையின் ஆவணங்கள் சாம்பா குழுவினருக்கு முறைப்படி கிடைத்தது, ஐரோப்பிய ஆணையத்தின் தீர்ப்பைத் தொடர்ந்து, 2007 டிசம்பரில்தான். சாம்பா இருந்ததால், கவுஞ்சியின் விண்டோஸ் கணினிகளுக்கு வழங்கி ஒரு லினக்ஸ் கணினி என்பதே தெரிய வேண்டியிருக்கவில்லை. ஓட்டையுள்ள முதற்பதிப்பு நெறிமுறையை வழங்கி ஏற்கக் கூடாது என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதப்பட்டது. அந்த ஒரு வரியின் விளைவாக, முதற்பதிப்பைத் தவிர வேறறியாத எக்ஸ்பிக்கு இனி அந்த வலையமைப்பில் இடமில்லை என்றாயிற்று.

கோப்புகளுக்கான உரிமையை அலுவலகத்தாருக்கு விளக்கியபோது நில ஆவணச் சொற்களே உதவின. லினக்சில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, பிறர் என்ற மூவகையினருக்குத் தனித்தனியே படிக்கவும் எழுதவும் இயக்கவும் அனுமதி குறிக்கப்படுகிறது. உரிமையாளருடையது தனிப்பட்டா, குழுவினருடையது கூட்டுப் பட்டா, பிறருக்கும் திறந்தது புறம்போக்கு என்று சொன்னபின் எவரும் மறுவிளக்கம் கேட்கவில்லை. கணக்குக் கோப்புறை கூட்டுப் பட்டாவாயிற்று. அதனுள் யார் புதிய கோப்பை உருவாக்கினாலும் அது தானாகவே குழுவின் உடைமையாகுமாறு கோப்புறைக்குக் குறியீடு இடப்பட்டது. ஒருவர் எழுதியதை மற்றவர் திறக்க முடியவில்லை என்ற முறையீடு, கலப்பு வலையமைப்புகளில் முதல் வாரத்திலேயே எழக்கூடியது, அதன்பின் எழவில்லை.

இப்பணியில் மிகுந்த உழைப்பைக் கேட்டவை தமிழ் எழுத்துகளே. அலுவலகத்தின் பழைய கடிதங்களும் பட்டியல்களும் பாமினி, வானவில் அவ்வையார் ஆகிய எழுத்துருக்களில் தட்டச்சானவை. இவ்வகை எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பாமினிக் கோப்பைத் திறந்தால், தமிழ் என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் காட்சியளிக்கும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் வகுக்கப்பட்டன. 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த நாள்களில், தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 குறியீட்டையும் ஏற்று ஆணையிட்டது. ஆணை வந்தபின்னும் பழைய கோப்புகள் பழைய குறியீட்டிலேயே கிடந்தன. அவற்றை மாற்றுவது எழுத்துக்கு எழுத்து இடம் மாற்றும் எளிய வேலையன்று: பழைய எழுத்துருக்களில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி மெய்க்கு முன்னே சேமிக்கப்பட்டுள்ளன, ஒருங்குறியிலோ, ஒலிக்கும் வரிசைப்படி மெய் முன்னும் உயிர்க்குறி பின்னும் வரவேண்டும். எனவே மாற்று நிரல், கொம்பைக் கண்டதும் அதனைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த மெய்யை எழுதியபின் அதனை இறக்கி வைக்கவேண்டும். ஒரே கடிதத்தில் தமிழ் வரிகளும் உண்மையான ஆங்கில முகவரிகளும் கலந்திருந்ததால், எது எழுத்துரு மாறிய தமிழ், எது ஆங்கிலம் என்பதை மனிதக் கண்ணே பிரித்தறிய வேண்டியிருந்தது. அலுவலகத்தின் கணக்கை எழுதிவந்த பெண் ஊழியர், மாலை நேரங்களில் பல வாரங்கள் அமர்ந்து இதனைச் செய்து முடித்தார்.

ஒருங்குறிக்கு வந்தபின் இரண்டு புதிய சிக்கல்கள் வெளிப்பட்டன. இரண்டையும் அறிந்திருப்பது தமிழில் கோப்புக்குப் பெயரிடுவோர் எல்லாருக்கும் பயன்படும். முதலாவது, கொடைக்கானல் என்ற பெயரில் ஒரே கோப்புறைக்குள் இரண்டு கோப்புகள் எழுத்து மாறாமல் அருகருகே தோன்றியது. ஒருங்குறியில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம்; இரண்டும் ஒன்றுக்கொன்று நிகரானவை என்று தரம் கூறினாலும், கோப்புப் பெயரை வெறும் பைட்டு வரிசையாகப் பார்க்கும் லினக்ஸ் வழங்கி அவற்றை இருவேறு பெயர்களாகவே கொண்டது. வெவ்வேறு தட்டச்சு நிரல்கள் வெவ்வேறு வழியைப் பின்பற்றியதே காரணம் என்று தெரிந்ததும், எல்லாக் கணினிகளிலும் தமிழ்99 விசைப்பலகை ஒரே முறையில் அமைக்கப்பட்டது. இரவுதோறும் வழங்கியிலுள்ள பெயர்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் சிறு நிரலும் எழுதப்பட்டது. இரண்டாவது, விண்டோசில் சேமிக்க முடிந்த நீண்ட தமிழ்ப் பெயரை வழங்கி ஏற்க மறுத்தது. விண்டோசின் கோப்பமைப்பு 255 குறியீடுகள் வரை பெயரை ஏற்கிறது. லினக்சின் எக்ஸ்ட்4 கோப்பமைப்பு 255 பைட்டுகள் வரையே ஏற்கிறது. யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகள் கொள்வதால் லினக்சில் தமிழ்ப் பெயருக்குக் கிடைப்பவை 85 குறியீடுகள்தாம். கவுஞ்சி என்ற பெயரே, புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால், 7 குறியீடுகளாகி 21 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. ஊர், பயிர், பருவம், நாள் என யாவற்றையும் பெயரிலேயே எழுதும் வழக்கம் விடப்பட்டு, அவை அடுக்குக் கோப்புறைகளாயின.

அச்சுப்பொறியும் கடிகாரமும் அவ்வளவு நேரம் கேட்கவில்லை. கப்ஸ் என்னும் திறந்த அச்சு அமைப்பின் வழியே அலுவலகத்தின் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாயிற்று; அதன் உள்நினைவில் தமிழ் வடிவங்கள் இல்லாததால் ஒவ்வொரு பக்கமும் படமாகவே அச்சாகும் என்பதும், அதனால் தாமதமாகும் என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட்டன. கணக்கு வேலைக்கு உதவியாக ஒரு லினக்ஸ் கணினியில் விண்டோசையும் சேர்த்து வைத்தபோது, அதன் நேரம் ஒவ்வொரு மாற்றத்திலும் ஐந்தரை மணி நேரம் நகர்ந்தது. கணினியின் உட்கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிப்பதே காரணம். லினக்சையும் உள்ளூர் நேரத்தைப் படிக்கச் சொன்னதும் அது நின்றது.

மெலிந்த இணைய இணைப்பைச் சிக்கனமாகக் கையாளுவது அடுத்த பணி. ஐந்து லினக்ஸ் கணினிகளும் ஒரே திருத்தத் தொகுப்பைத் தனித்தனியே இறக்கினால் இணைப்பு நாள் முழுவதும் அடைபட்டுவிடும் என்பதால், வழங்கி அதனை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு உள்ளூரிலேயே பரிமாறுமாறு இடைச்சேமிப்பு அமைக்கப்பட்டது. காப்புப் பிரதிக்கு ஆர்சிங்க் பயன்பட்டது. சாம்பாவை எழுதிய அதே டிரிட்ஜெல், பால் மெக்கராசுடன் சேர்ந்து 1996இல் வெளியிட்ட இந்நிரல், இரு இடங்களிலுள்ள கோப்புகளை ஒப்பிட்டு மாறிய பகுதிகளை மட்டுமே கம்பி வழியே அனுப்புவது. இரவில் அது கொடைக்கானல் நகரத்தில் இருந்த கணினி ஒன்றுக்கு அன்றைய மாற்றங்களை அனுப்பியது. இணைப்பு இல்லாத வாரங்களில் ஒரு வெளித்தட்டு துணிப்பையில் சுற்றப்பட்டு, கிளாவரையிலிருந்து வரும் பேருந்தில் நகரத்துக்குச் சென்றது.

இடியும் மின்னலும் மலையூர் வலையமைப்பின் பகை. அலுவலகத்துக்கும் பூண்டு குடோனுக்கும் இடையே திறந்தவெளியில் இழுக்கப்பட்டிருந்த செப்புக் கம்பி, ஒரு மழை நாளில் மின்னலின் அதிர்வை உள்ளே கொண்டுவந்து இணைப்புப் பெட்டியைக் கருக்கியது. அத்தொலைவுக்குச் செப்பைத் தவிர்த்து, மின்சாரத்தைக் கடத்தாத ஒளியிழையை இழுத்தபின் அத்தகைய சேதம் திரும்பவில்லை. வழங்கிக்குத் தனியாக ஒரு யு.பி.எஸ். வைக்கப்பட்டு, அதன் மின்கலம் வலுக்குறையும்போது வழங்கி தானே கோப்புகளை மூடி அணையுமாறு இரண்டும் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டன.

பெரிய அளவிலான முயற்சிகளின் வரலாறு இச்சிறு பணிக்கு வழிகாட்டியது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் முடிவெடுத்து, 2013 வரை படிப்படியாக ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்சுக்கு மாற்றியது. 2017இல் நகரமன்றம் விண்டோசுக்குத் திரும்ப முடிவு செய்தது. கேரளம் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் வழியே அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளை நிலைநிறுத்தியது. அங்கு ஆசிரியர்களே ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தனர். இரண்டையும் வேறுபடுத்தியவை பல உண்டு; ஆனால் கற்றறிந்தவர் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்குள்ளேயும் இருந்தது கேரளத்தின் வலிமை என்பதில் ஐயமில்லை. கவுஞ்சியிலும் அதனைப் பின்பற்றுவது என்று தீர்மானித்து, ஒவ்வொரு மாற்றமும், செய்த நாள், செய்ததன் காரணம், இட்ட கட்டளை, திரையில் வரவேண்டிய விடை ஆகியவற்றுடன், ஒரு கணக்கு நோட்டில் தமிழில் எழுதப்பட்டது. முதல் பக்கங்கள் கட்டுரையாளரின் கையெழுத்தில் உள்ளன. பிந்தைய பக்கங்களில் அலுவலகத்தாரின் கையெழுத்துகளே மிகுதி.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், உள்மாவட்டங்களைத் தாண்டித் திண்டுக்கல் வழியே மேற்கே சென்றபோது கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்து, சாலைகளை அடைத்து, மின்கம்பங்களை வீழ்த்தியது. கவுஞ்சி அலுவலகத்தில் மின்சாரம் விட்டுவிட்டு வந்தது. இணையம் அறவே இல்லை. அதற்கு முன்பெல்லாம் எது நின்றாலும் "நெட்டு போச்சு" என்று சொல்லிக் கைவிடும் வழக்கம் இருந்தது. இம்முறை, வெளியிணைப்பு போனதும் உள்வலையமைப்பு போனதும் வேறு வேறு என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பயிர்ச்சேதப் பட்டியல்களை அணியமாக்க வேண்டிய அந்நாள்களில், ஜெனரேட்டர் ஓடிய நேரங்களில் வழங்கியின் கோப்புகளைக் கொண்டு வேலை நடந்தது. மூன்றாம் நாள் வழங்கியின் வன்தட்டுகளில் ஒன்று பழுதுற்றதாக எச்சரிக்கை தோன்றியது. கணக்கு எழுதும் ஊழியரும் களப்பணி இளைஞர் ஒருவரும் நோட்டைத் திறந்து, அலமாரியில் இருந்த மாற்றுத் தட்டை எடுத்துப் பொருத்தி, நல்ல தட்டிலிருந்து புதியதற்குப் பிரதி முழுவதும் ஏறும் வரை ஜெனரேட்டரை நிறுத்தாமல் காத்திருந்தனர்.

சாலை சரியான பிறகு கட்டுரையாளர் மலையேறிச் சென்றபோது, வழங்கி வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. "சார், நோட்டுல எழுதியிருந்தபடிதான் செஞ்சோம். ஒரு எடத்துல மட்டும் நோட்டு தப்பு" என்று அவ்வூழியர் சொல்லி, அந்தப் பக்கத்தைக் காட்டினார். பழுதான தட்டை அடையாளம் காண, கணினி அதற்கு இடும் பெயரைப் பார்க்கச் சொல்லிக் கட்டுரையாளர் எழுதியிருந்தார்; ஆனால் லினக்ஸ் வன்தட்டுகளுக்கு இடும் பெயர்கள் கணினி மறுபடி இயங்கும்போது இடம் மாறக்கூடியவை. அன்று அவை மாறியிருந்தன. நோட்டு சொன்னபடி கழற்றியிருந்தால் நல்ல தட்டே வெளியே வந்திருக்கும். திரையில் தெரிந்த தொடரெண்ணைத் தட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டின் எண்ணுடன் ஒப்பிட்டுப் பார்த்தபின்னரே அவர்கள் கை வைத்திருக்கின்றனர். கட்டுரையாளர் எழுதிய வரி ஒரே கோட்டால் அடிக்கப்பட்டு, அதன் கீழே சரியான முறை, நாளுடனும் சுருக்கொப்பத்துடனும் எழுதப்பட்டிருந்தது. மூலத்தைப் படிக்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உள்ள உரிமை என்று திறந்த மூலத்தைப் பற்றிக் கூறப்படுவதன் முழுப்பொருளும் அந்த ஒரு பக்கத்தில் இருந்தது; அந்தப் பக்கத்தின் படி ஒன்று, வழங்கியின் பக்கவாட்டிலும் ஒட்டப்பட்டது.